2048இல் தென்துருவம் ஏலத்துக்கு வருமா?

வாசகர் கேள்வி, ஜூன் 7, 2025

"அண்டார்டிகாவில் யாரும் தோண்டக் கூடாது என்ற ஒப்பந்தம் 2048இல் காலாவதி. அதோடு கண்டமே ஏலத்துக்கு வந்துவிடும், பெரிய நாடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். தேனிப் பக்கம் கம்பம் ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் இதைப் பேசி என்ன ஆகப்போகிறது? பனிக்கரடிக்கும் நமக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?"

ஜூன் 8, 2025

காலாவதி எல்லாம் இல்லை தம்பி. இந்தக் கதையை நானும் பத்து வருடம் நம்பியிருந்தேன், டீக்கடையில் நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பாவத்துக்காகக் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. முதலாவது அண்டார்டிக் ஒப்பந்தம். 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்துப் போட்டன, 1961இல் நடைமுறைக்கு வந்தது. ராணுவம் கூடாது, அணுகுண்டு வெடிக்கக் கூடாது, அணுக்கழிவு கொட்டக் கூடாது, ஆராய்ச்சி செய்யலாம். அதற்கு முன்பே ஏழு நாடுகள் 'இது என் பங்கு' என்று கோடு போட்டு வைத்திருந்தன. பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி மூன்றின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. வாய்க்கால் வரப்புத் தகராறு மாதிரிதான். அந்தக் கோடுகளை அழிக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. இருந்தபடியே இருக்கட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். இந்த ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது.

இரண்டாவது, 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் நெறிமுறை. ஆராய்ச்சி தவிர வேறு எதற்கும் கனிமத்தில் கை வைக்கக் கூடாது என்பது இதன் 7ஆம் பிரிவு. 1998 ஜனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது, ஐம்பதைக் கூட்டினால் 2048. அதற்கப்புறம் ஆலோசனை உரிமை (ஒப்பந்தக் கூட்டத்தில் முடிவெடுக்கும் உரிமை) உள்ள எந்த நாடும் 'மறுபரிசீலனைக் கூட்டம் போடுங்கள்' என்று கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். தடையை எடுக்க வேண்டுமானால் கனிமத்துக்கென்று வேறொரு கட்டுப்பாட்டுச் சட்டம் முதலில் அமலில் இருக்க வேண்டும். 1991இல் ஆலோசனை உரிமையோடு இருந்த 26 நாடுகளும் ஒன்று விடாமல் சம்மதிக்க வேண்டும். இந்தியாவுக்கு அந்த உரிமை 1983இலேயே கிடைத்துவிட்டது. நாம் தலையாட்டாமல் நடக்காது.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் கண் முதலில் வருடக் கணக்குக்குத்தான் போகும். 1886இல் எழுதிய 999 வருடக் குத்தகைக்கே கோர்ட் வாசலில் நின்றிருக்கிறோம். வெறும் 50 என்றால் பயம் வரத்தான் செய்யும்.

ஜூன் 8, இரவு

சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படித்தேன். ஒரு பொத்தலை விட்டிருக்கிறேன். மறுபரிசீலனையில் ஒரு திருத்தம் நிறைவேறி, மூன்று வருடத்தில் அது நடைமுறைக்கு வராமல் போனால், எந்த நாடும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு இரண்டு வருடத்தில் வெளியேறலாம். முன்வாசல் பூட்டியிருக்கிறது, கொல்லைப்புறம் ஒருக்களித்திருக்கிறது. ஆகவே 'காலாவதி' என்றது தப்பு, 'நாம் தலையாட்டாமல் நடக்காது' என்று நான் மார்தட்டியதும் முக்கால் சரிதான்.

ஜூன் 9

'ஏலத்துக்கு வரும்' என்று படித்ததும் என் புத்தி ஏலக்காய்க்குப் போனது. ஏலத்தை ஏலம் விடுகிற ஊர்க்காரன், வேறு எங்கே போகும்.

ஜூன் 11

கம்பத்திலிருந்து பேசி என்ன ஆகும் என்கிறீர்கள். போன வருடம் மே மாதம் இந்த ஒப்பந்த நாடுகளின் 46ஆவது கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? கொச்சியில். மே 20 முதல் 30 வரை. அதே வாரம் நான் எர்ணாகுளத்தில்தான் இருந்தேன், மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு. நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்ததுதான் மிச்சம். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி உலகத்தின் தென்கோடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது ஊருக்கு வந்து பழைய பேப்பரைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

சுற்றுலாவுக்குக் கட்டுப்பாடு எழுத அங்கே தனியாக ஒரு குழுவை உட்கார வைத்தார்கள். அண்டார்டிகாவில் இருக்கும் நம் மைத்ரி ஆராய்ச்சி நிலையம் பழசாகிவிட்டது, மைத்ரி 2 கட்டப்போகிறோம் என்று இந்தியா சொன்னது. மைத்ரி 1989இல் வந்தது. அதற்கு முன்னால் கட்டிய தட்சிண் கங்கோத்ரி பனிக்குள் புதைந்தே போனது.

இந்தியாவும் 2022இல் அண்டார்டிக் சட்டம் போட்டது. அனுமதி இல்லாமல் இங்கிருந்து யாரும் அங்கே போகக் கூடாது. தேனி மாவட்டத்தில் யாருக்கும் அந்த யோசனை இருந்திருக்காது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஜூன் 12

அண்டார்டிகாவில் நாய்க்குத் தடையாமே, உண்மையா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், உண்மைதான். வண்டி இழுக்கப் பனி நாய்களைக் கொண்டுபோன காலம் உண்டு. மாட்ரிட் நெறிமுறை வந்தபின் 1994 ஏப்ரல் 1க்குள் கடைசி நாயும் வெளியேற வேண்டும் என்று விதி. நாயின் நோய் சீலுக்குத் தொற்றிவிடும் என்ற பயம்.

நாய் வெளியே போயிற்று, சுற்றுலா ஆட்கள் ஒரு வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டி உள்ளே போகிறார்கள். ஒரே நேரத்தில் கரையில் நூறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது, ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 2024 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் அந்தக் கண்டத்தை எட்டிவிட்டது. பறவைக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது? இப்படி, வாசலில் எத்தனை காவல் போட்டாலும் கூரை வழியாக வருகிறவை சில இருக்கின்றன. அதைப் பற்றி எழுத வேண்டும், இன்று முடியவில்லை.

ஜூன் 19

பனிக்கரடி இருப்பது வடதுருவத்தில், அண்டார்டிகாவில் இல்லை. இருந்தாலும் பனிக்கரடிக்கும் நமக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்ற கேள்வியை ஒரு வாரத்துக்கு மேலாகத் தள்ளிப் போட்டேன். கொடுத்தவர்களில் நானும் ஒருவன், அதனால்தான்.

என் அப்பா கேரள மலையில் உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆள். போடியிலிருந்து விடியுமுன் ஜீப். ஒரு ஜீப்பில் பத்துப் பேர் என்பது பேச்சுக்கு, பதினெட்டு இருபது பேர் தொங்குவோம். நான் பத்தாவது தோற்றதும் அவருக்கு ஹோஸ் இழுக்கப் போனேன், 1993இல். ட்ரம்மில் தண்ணீர் ஊற்றி மருந்தைக் கலக்க வேண்டும். ஒருவர் பம்பை ஆட்டுவார், ஒருவர் ஹோஸை இழுப்பார், அப்பா முன்னால் அடித்துக்கொண்டே போவார். கலக்குவதற்குக் குச்சி. குச்சி கைக்கு அகப்படாத நாளில் கை. மூக்குக்கு ஒரு துண்டு, அதுவும் காலை பத்து மணிக்குள் நனைந்து கழுத்துக்கு இறங்கிவிடும். ஏலச்செடி ஆளை மறைக்கும், ஆனால் காய் இருக்கும் சரம் தூரில்தான் கிடக்கும். குனிந்து அடித்தால் தட்டையில் பட்டு முகத்துக்கே தெறிக்கும்.

காயில் சொறி விழுந்தால் விலை போகாது. சொறிக்குக் காரணம் த்ரிப்ஸ் என்ற பூச்சி. அதற்கும் தண்டு துளைப்பானுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக எண்டோசல்ஃபான் அடித்தோம். அன்று யாரும் அதைக் கெட்ட பெயராகச் சொன்னதில்லை. விலை கம்மி, கேட்கும். கேட்கும் என்றால் பூச்சி சாகும். அம்மா மட்டும் அந்தச் சட்டையைத் தனியாகத் துவைப்பார், மூன்று முறை அலசினாலும் வாடை போகாது.

அப்புறம் காசர்கோடு விவகாரம் பெரிதானது. அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக்காட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் அடித்திருந்தார்கள். ஊனத்தோடு பிறந்த பிள்ளைகளின் படங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கேரளாவில் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2011 வரை இல்லை. மேலே தடை, கீழே கடை. தக்காளிக் கூடைக்கு அடியில் வைத்துப் போடிமெட்டு ஏறும். நானும் இரண்டு முறை கொண்டுபோனேன்.

ஜூன் 20

'இதற்கும் துருவத்துக்கும் என்ன சம்பந்தம், ஆதாரம் இருக்கிறதா?' என்று கேட்டவருக்கு.

ஏலக்காய் ஸ்டோரில் காயை உலர்த்தப் போட்டிருக்கும் ராத்திரி உள்ளே போயிருக்கிறீர்களா? கீழே நெருப்பு. காயிலிருந்து ஈரம் ஆவியாக ஏறும். ஜன்னலைச் சரியாகத் திறந்து விடாவிட்டால் அந்த ஆவி குளிர்ந்த தகரத்தில் முட்டி, விடியும்போது சொட்டுச் சொட்டாக இறங்கும். பூமியும் இப்படித்தான் வேலை செய்கிறது. நம் வெயிலில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகும் மருந்து, காற்றோடு போய் எங்கே குளிர்கிறதோ அங்கே இறங்கும். திரும்பச் சூடேறினால் எழுந்து இன்னும் கொஞ்ச தூரம். விஞ்ஞானிகள் வெட்டுக்கிளித் தாவல் என்கிறார்கள். கடைசித் தாவல் துருவத்தில். அங்கே மறுபடி எழுப்ப வெயில் இல்லை. சிதையவும் நாளாகும். கடல் பாசி, பூச்சி, மீன், சீல், கரடி என்று கொழுப்பில் ஏறிக்கொண்டே போகும், ஒவ்வொரு படியிலும் அடர்த்தி கூடும்.

கனடாவின் வடகோடியில் அலர்ட் என்று ஒரு நிலையம். 1990களிலிருந்து அங்கே காற்றை இழுத்துப் பிடித்துச் சோதிக்கிறார்கள். பழைய மருந்துகள் பல குறைந்துவர, எண்டோசல்ஃபான் குறையாமல் நின்றது. உலகத் தடைக்கு இதுவும் ஒரு காரணம். ஏனென்றால் எளிதில் சிதையாத நச்சுகளை உலகம் முழுக்கத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒரு வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டுமானால் அது நெடுந்தூரம் பயணிக்கிறது என்று காட்ட வேண்டும். யாருமே மருந்தடிக்காத இடத்தில் அகப்பட்டதைவிடப் பெரிய சாட்சி எது?

இதை அப்பாவிடம் சொன்னேன். எழுபத்தெட்டு வயது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அங்கன என்னடா வெள்ளாமை?" என்றார்.

ஜூலை 2

இப்போதெல்லாம் துருவம் என்றாலே பனி உருகுது, கடல் ஏறுது என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அது பெரிய விஷயம்தான். 1979க்குப் பிறகு வடதுருவம் உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. ஆனால் உருகும் பனியோடு வேறொன்றும் இறங்குகிறது, அதை யாரும் பேசக் காணோம்.

1966இலேயே அண்டார்டிகாவின் அடேலி பென்குயின் உடம்பில் டி.டி.டி. இருப்பதாக எழுதிவிட்டார்கள். பிறகு பல நாடுகள் டி.டி.டி.யை நிறுத்தின, உலகத்தின் மற்ற இடங்களில் குறைந்தது. அடேலியில் மட்டும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. 2008இல் வந்த ஓர் ஆய்வு, பனியாறுகள் பழைய மருந்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து உருகும்போது திருப்பிக் கொடுக்கின்றன என்று காரணம் சொன்னது. ஐம்பது வருடம் முன்னால் அடித்ததன் பாக்கி இப்போது வசூலாகிறது.

வடக்கில் மனிதர்களும் இருக்கிறார்கள். 1980களில் கனடாவில், வடக்குக் கியூபெக்கின் இனுயிட் என்ற பழங்குடித் தாய்மாரின் பாலைச் சோதித்தார்கள், சுத்தமான பாலுக்கு உதாரணம் காட்டலாம் என்று நினைத்து. தெற்கே ஆலைகள் நிறைந்த ஊர்த் தாய்மாரைவிடப் பல மடங்கு பி.சி.பி. இருந்தது. அது மின்மாற்றி எண்ணெயில் சேர்த்த ஒரு நச்சு வேதிப்பொருள். அவர்கள் சாப்பாடு சீல், திமிங்கலக் கொழுப்பு. கடையில் வாங்கிச் சாப்பிடு என்று சொல்ல அங்கே கட்டுப்படியாகும் விலை இல்லை.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பேச்சில், 1999இல் நைரோபியில், ஷீலா வாட்-க்ளூட்டியர் என்ற இனுயிட் தலைவர் தாயும் சேயுமாகச் செதுக்கிய ஒரு கற்சிற்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு அவர் எடுத்த நிலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மலேரியாவுக்கு டி.டி.டி. தேவைப்படும் வெப்ப நாட்டுத் தாய்மாரைப் பலிகொடுத்து எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்றார். உடன்படிக்கையிலும் மலேரியாவுக்கு விலக்கு வந்தது. 2001இல் கையெழுத்தானது, 2004இல் நடைமுறைக்கு வந்தது.

என் அக்கா கைக்குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் போட்டுவிட்டுக் காய் பறித்தவள். மத்தியானம் ஓடிவந்து பால் கொடுப்பாள், கையைச் சேலையில் துடைத்துவிட்டு. அதைப் பற்றி இத்தனை வருடம் எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

ஜூலை 22

நேற்று வி.எஸ். அச்சுதானந்தன் போய்விட்டார், 101 வயது.

எங்கள் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. முல்லைப் பெரியாற்றில் புது அணை கேட்டவர். அணை விஷயத்தில் நான் இன்றும் அவர் பக்கம் இல்லை. ஆனால் 2011 ஏப்ரல் 25 அன்று, முதலமைச்சராக இருந்துகொண்டே, எண்டோசல்ஃபானைத் தடை செய்யச் சொல்லித் திருவனந்தபுரத்தில் பட்டினி கிடந்தார். அதே வாரம் ஜெனிவாவில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகளின் பேச்சு. இந்தியா அங்கே எதிர்த்துப் பார்த்தது, பிறகு சில பயிர்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டு சம்மதித்தது. மே 13இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிறுத்தியது. கேரளத் தேர்தல் முடிவும் அதே நாள்தான், அவர் கூட்டணி நூலிழையில் தோற்றது.

அன்றைக்கு நான் அவரைத் திட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வீட்டில் மூன்று லிட்டர் வாங்கி வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 6

செய்தி: தென்துருவக் கடலில் கிரில் பிடிப்பை சீசன் முடியுமுன்பே நிறுத்திவிட்டார்கள். 6,20,000 டன் என்ற வரம்பை எட்டிவிட்டதாம். கிரில் என்றால் நம் ஊர்ச் சந்தையில் படியில் அளக்கும் கூனி மாதிரி. திமிங்கலம், பென்குயின், சீல் எல்லாவற்றுக்கும் சோறு அதுதான். மனிதன் அதை மீன் தீவனத்துக்கும் மாத்திரைக்கும் அள்ளுகிறான். வரம்பை ஒரே மூலையில் அள்ளித் தீர்க்காமல் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்த விதி போன வருடம் புதுப்பிக்கப்படாமல் போனது, அதன் பலன் இது. இந்த விதிகளை எழுதும் தென்கடல் ஆணையத்தில் ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் முடிவு இல்லை, எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ராஸ் கடல் பாதுகாப்புப் பகுதியை, 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், 2016இல் அதே மேசையில்தான் சாதித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகஸ்ட் 7

ஜூன் 19 அன்று 'இரண்டு முறை கொண்டுபோனேன்' என்று எழுதியிருந்தேன். பொய். ஒரு சீசன் முழுக்கக் கொண்டுபோனேன்.

ஆகஸ்ட் 24

நிறையப் பேர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். 'பி.சி.பி.யை ஊற்றியவன் அமெரிக்கக்காரன், ஐரோப்பாக்காரன், கூலிக்கு மருந்தடித்தவனைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா?' என்கிறார் ஒரு அண்ணன்.

நியாயம். என் அப்பா அடித்த ட்ரம்மிலிருந்து ஒரு துளி அலர்ட்டுக்குப் போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நான் எழுதிய தொனியில் அப்படி ஒரு நாடகம் வந்துவிட்டது. அலர்ட் காற்றில் சேர்ந்தது பல நாட்டுப் பருத்தி, காய்கறி, தேயிலை எல்லாம் சேர்த்து. ஏலமலை அதில் எத்தனை என்று கணக்குப் போட என்னிடம் தராசு இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பழி பற்றி இல்லை அண்ணே. அண்டார்டிகா ஒப்பந்தம் அங்கே போகிறவனைக் கட்டுப்படுத்துகிறது. அது அருமையான ஒப்பந்தம். ஆனால் துருவத்துக்குப் போகாமல் அதைக் கெடுக்கிறவனை அது ஒன்றும் செய்யாது. அவனைப் பிடித்தது ஓசோனுக்கு 1987இல் வந்த மாண்ட்ரியல் நெறிமுறையும் ஸ்டாக்ஹோமும்தான். பிரிட்ஜில் என்ன வாயு, ட்ரம்மில் என்ன மருந்து என்று எட்டிப் பார்த்த காகிதங்கள். பனிக்கரடிக்கான சட்டம் போடியில் ஒரு கடையின் அலமாரியில் வேலை செய்தது. செய்தது என்று நான் சொல்வேன், ஏனென்றால் பாட்டில் கிடைக்காமல்தான் நான் நிறுத்தினேன். மனசாட்சியால் இல்லை.

செப்டம்பர் 14

'இப்போது என்ன அடிக்கிறீர்கள்?' என்று ஒருவர் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. காய் எடுப்பு தொடங்கிவிட்டதால் உட்கார நேரமில்லை. பாட்டத்துக்கு எடுத்த ஒன்றரை ஏக்கர்தான், ஆனாலும் ஆள் கிடைக்க வேண்டுமே.

கேள்வியைப் படித்த அன்றே கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். வேர்ப்புழுவுக்கு வாங்கியது ஒன்று, முக்கால் லிட்டர் மீதி. குளோர்பைரிபாஸ். பெயர் எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. தேடினால், இந்த வருடம் மே மாதம் ஜெனிவாவில் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், சில பயிர்களுக்கு விலக்கோடு. வடதுருவத்தில் அதுவும் அகப்பட்டிருக்கிறது.

கொட்டினால் ஓடைக்குப் போகும். கடையில் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன், சிரித்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் 'எனக்குக் கொடுங்க, நான் அடிச்சுக்கிறேன்' என்கிறார். இப்போதைக்கு ஒரு சாக்கில் சுற்றி, மூடியை இறுக்கி, பேரப்பிள்ளைக்கு எட்டாத பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன். இதை முறையாக ஒழிக்கிற இடம் இடுக்கியிலோ தேனியிலோ இருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள். நாளை ஐந்து மணிக்கு ஜீப்.